சிவப்பு மாருதியும் ஊர்த்தெருவும்

தேர்வாய் கண்டிகை கம்பெனியில் வேலை பார்க்கும் ஏஞ்சலின், சொந்தச் சம்பளத்தில் வாங்கிய முதல் காரை அத்தை கன்னியம்மாவிடம் காட்ட அப்பா ஸ்டீவனோடு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தாள். வழியெல்லாம் ஸ்டீவனின் வாய் ஓயவில்லை. எல்லாம் அவருடைய பழைய சிவப்பு மாருதியின் பெருமைதான். இருபத்தாறு வயதில், ரோலிங் மில் அனலில் வெந்து சேர்த்த காசில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் வண்டி. கவரப்பேட்டையில் மிதித்தால் எட்டே நிமிடத்தில் கும்மிடிப்பூண்டியாம். லாரிக்காரர்கள் எல்லாம் அவரைப் பார்த்தாலே ஒதுங்குவார்களாம். அடேங்கப்பா, மனுஷன் அளந்த அளப்பில் மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஊர் நெருங்கியதும் அவர் குரல் இறங்கியது. ஏரிக்கரைப் பக்கம் திருப்பச் சொன்னார். அது கல்லும் குழியுமான சுற்று வழி. நேராக ஊர்த்தெருவில் போனால் அத்தை வீடு இருக்கும் காலனிக்கு இரண்டே நிமிடம். கும்மிடிப்பூண்டியில் வளர்ந்த ஏஞ்சலினுக்குக் காரணம் புரியவில்லை. விடாமல் கேட்டாள்.

"அந்தத் தெருவுல நம்மாளுங்க வண்டி ஓட்டிக்கினு போவக்கூடாதும்மா. எஞ்சின ஆஃப் பண்ணிட்டு, எறங்கித் தள்ளிக்கினுதான் போவணும். அப்ப இந்தச் சுத்து வழிகூட கெடையாது. அந்த மாருதிய நான் டெய்லி தள்ளனேன். உங்கம்மா உன்ன வயித்துல வெச்சிக்கினு பின்னாடியே நடந்து வந்தா."

இத்தனை வருடம் சொன்ன கதைகளில் இதை மட்டும் அவர் சொன்னதே இல்லை. ஏஞ்சலின் நேராக ஊர்த்தெருவுக்குள் காரை விட்டாள்.

பாதித் தெரு தாண்டியதும் ஆதிகேசவன் வந்து காரின் முன்னால் நின்றார். ஊர் நிலத்தில் பாதி அவருடையது. ஸ்டீவனை அடையாளம் கண்டுகொண்டு, வழக்கம் மறந்துபோச்சா, இறங்கித் தள்ளு என்று அதட்டினார்.

ஸ்டீவன் கதவைத் திறந்து இறங்கினார். போச்சு, தள்ளப்போகிறார் என்று ஏஞ்சலினுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவர் வண்டிக்குப் பின்னால் போகவில்லை. ஆதிகேசவனுக்கு நேரே போய் நின்றார்.

"அன்னிக்குத் தள்ளனது என் காரு. இது என் பொண்ணு காரு, இத்தத் தள்ள மாட்டோம். சாதியச் சொல்லி மனுசன எறக்கி நடக்க வெக்கறதுக்குப் பேரு வழக்கம் இல்லீங்க, குத்தம். கேஸ் குடுத்தா ஜெயிலு. நவுருங்க."

ஆதிகேசவன் சுற்றிலும் பார்த்தார். வாசல்களில் நின்றவர்களில் ஒருத்தர்கூட அவர் பக்கம் வரவில்லை. ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கினார்.

ஸ்டீவன் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை முழுசாக இறக்கினார். சீக்கிரம் அந்த இடத்தைக் கடந்துவிட வேண்டும் என்று ஏஞ்சலின் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.

"மெதுவா போம்மா," என்றார் ஸ்டீவன். "இது எவன் அப்பன் ஊட்டு ரோடும் இல்ல, எல்லாருக்கும் பொது. நம்ம எதுக்கு ஓடணும்?"