துண்டுக்கடியில் ஒரு மொழி

வேலைமெனக்கெட்டு யாராவது உட்கார்ந்து புதுசாக ஒரு மொழி செய்வார்களா? ராம்கி செய்தான். மதுரையில் ஒரு கல்லூரியில் தருக்கமும் கணினியும் சொல்லிக்கொடுப்பவன் அவன். சொன்னது ஒன்று, புரிந்தது ஒன்று என்பதால்தான் ஊரில் பாதிச் சண்டை வருகிறது என்பது அவன் கட்சி. அதனால் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கே சொற்களை வைத்தான். 'ஆம்', 'அல்ல', 'என்றால்' என்று கோத்துக்கொண்டே போனால் எதையும் சொல்லிவிடலாம். பொய்க்கும் மழுப்பலுக்கும் அதில் இடமே கிடையாது. ஒரு முறை சொன்னால் சொன்னதுதான், திருப்பிக் கேட்கிற பேச்சே இல்லை. ஆனால் அதைப் பேசத்தான் ஆள் இல்லாமல் பல வருஷம் கிடந்தது.

ஆள் கிடைத்த விதம்தான் கொடுமை. பரவையில் இருக்கும் அக்கா புருஷன் முத்திருளனுக்குப் பக்கவாதம் வந்து, வலப்பக்கமும் பேச்சும் ஒன்றாகப் போய்விட்டன. மாட்டுத் தரகர் அவர். சொல்வது காதில் விழும், புரியும், பதில்தான் வராது. தலையாட்டலையும் நம்ப முடியவில்லை. ஆமாவுக்கும் இல்லைக்கும் ஒரே ஆட்டுதான் ஆட்டுவார். வயிற்றுக்குப் பசியா, முதுகு வலிக்கிறதா என்று தெரியாமல் அக்கா முனீஸ்வரி தவித்துப் போனாள்.

ராம்கி முதலில் அட்டைகளை வெட்டிக் குறி போட்டு எடுத்துப் போனான். மச்சான் இடக்கையால் அத்தனையையும் கீழே தட்டிவிட்டார்.

"அவருக்கு அட்டையெல்லாம் ஆகாதுடா தம்பி. மாட்டு வெலையவே துண்டுக்கடியில கையப் பிடிச்சு வெரலத் தொட்டுத்தேன் பேசுவாரு," என்றாள் அக்கா.

அது நல்ல யோசனையாகப் பட்டது. ராம்கி அவருடைய இடக்கையைப் பிடித்து மேலே துண்டைப் போட்டான். அவனுடைய கட்டைவிரலைத் தொட்டால் நான், சுட்டுவிரல் நீ, மோதிரவிரல் அவள், சுண்டுவிரல் 'என்றால்'. ஓர் அழுத்து ஆம், இரண்டு அழுத்து அல்ல. கை பேசிப் பழகிய மனுஷன், பற்றிக்கொண்டார். ஒரு மத்தியானம் சோற்றுத்தட்டைப் பார்த்தபடியே மோதிரவிரல், சுண்டுவிரல், கட்டைவிரல் என்று தொட்டுக் காட்டினார். அவள் சாப்பிட்டால்தான் நான். ராம்கி அதை எடுத்துச் சொன்னதும் முனீஸ்வரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தம்பியின் மொழி மேல் அன்றைக்கு வந்த நம்பிக்கை அவளுக்குச் சாமி மேல்கூட இருந்ததில்லை.

பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? சர்க்கரை வேறு அவருக்கு. உணர்ச்சி மரத்த காலில் புண் வந்து விரல்கள் கறுத்தன. கோரிப்பாளையத்துப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். பாதத்தில் பாதியை எடுத்துவிட்டால் பிழைப்பார், விட்டால் விஷம் மேலே ஏறிவிடும் என்றார் டாக்டர்.

"அவரு காலு. அவரு சொல்லாம எடுக்க விடமாட்டேன். நீ கேளு தம்பி," என்றாள் முனீஸ்வரி.

துண்டைப் போட்டுக்கொண்டு ராம்கி எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னான். "எடுக்கச் சொல்லட்டுமா மச்சான்?"

இரண்டு அழுத்து. சந்தேகத்துக்கு இடமே இல்லாத இரண்டு அழுத்து.

"இன்னொரு தடவ கேட்டுப் பாருங்க சார்," என்றார் டாக்டர்.

"இந்த மொழியில ஒரு தடவ போதும் சார்."

அந்த நேரத்தில் அவனுக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது, பாவி. ஒரு மனுஷன் மனசில் இருப்பதைக் கலப்படமில்லாமல் வெளியே கொண்டுவந்துவிட்டோம் என்று நினைத்தான். முனீஸ்வரி ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி பிடித்துப் பரவைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அப்புறம் காய்ச்சல் வந்தது. அவரோடு சந்தை சந்தையாகச் சுற்றிய தரகர் சின்னக்கருப்பன் பார்க்க வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு ராம்கி பக்கம் திரும்பினார்.

"எத்தன தடவ கேட்டீக மாப்ள?"

"ஒரு தடவதான்."

"அடக் கொடுமையே. துண்டுக்குள்ள மொதக் கையில எவன்யா சரின்னு சொல்லுவான்? சொன்னா மாட்டுல ஏதோ கொறைன்னு ஆயிரும். வேணாம், வேணாம்னு ரெண்டு வாட்டி தள்ளிவிட்டுத்தான் பேச்சே தொடங்கும். இம்புட்டு வருசமா அந்தக் கை அப்படித்தேன் பழகிருக்கு."

ராம்கி அக்காவைப் பார்த்தான்.

"எனக்கும் தெரியும்டா," என்றாள் அவள். "காப்பி குடுத்தாக்கூட மொதல்ல வேணாம்னுதேன் சொல்லுவாரு. ஒம் மொழியில அப்படியெல்லாம் கெடையாதுன்னு சொன்னியேன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

அவன் ஓடிப்போய்த் துண்டைப் போட்டான். கேட்டான். இரண்டு அழுத்து. மறுபடி கேட்டான். இரண்டு அழுத்து. அதற்கடுத்துக் கேட்டபோது முத்திருளன் ஒரே அழுத்தாக அழுத்தி, நகம் பதிகிற மாதிரி பிடித்துக்கொண்டார்.

உயிர் பிழைத்தது. பாதத்தோடு போக வேண்டிய கால், தொடையோடு போனது. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அதை ஒருவரும் ராம்கியின் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

கட்டுப் பிரித்த அன்று காலையில் கட்டிலருகே உட்கார்ந்தான். போர்வை தொடைக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்காமல் மச்சானின் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டான். மன்னிப்புக்கென்று அவன் மொழியில் ஒரு விரலும் இல்லை. பொய் இல்லாத இடத்தில் அது எதற்கு என்று விட்டிருந்தான். வாய்விட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"என்னய மன்னிச்சிருவீங்களா மச்சான்?"

இரண்டு அழுத்து.

ராம்கிக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை, மறுபடி கேட்டான்.

இரண்டு அழுத்து. முதல் தடவையைவிடப் பலமாக.

முத்திருளன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கையை இழுத்துக்கொள்ளவில்லை. ராம்கி மூன்றாம் முறை கேட்டான்.