வெள்ளித் தண்ணீர்

முத்தமிழ் பெரம்பலூர்ப் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியை. போன வருடம் வகுப்பில் ஒரு சோதனை செய்து காட்டினாள். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு வெள்ளிக் கம்பிகளை நிறுத்தி, பேட்டரியோடு இணைத்தாள். நேர்முனைக் கம்பியிலிருந்து வெள்ளி அயனிகளாகக் கரைந்தது. அவற்றில் ஒரு பகுதி எதிர்முனையில் எலக்ட்ரான் பெற்று, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகித் தண்ணீரில் மிதந்தது. லேசரை அடித்ததும் உள்ளே சிவப்பாய் ஒரு ஒளிக்கோடு. பிள்ளைகள் கைதட்டினார்கள். லேசரும் கையுமாக அவளை ஒரு மாணவி எடுத்த படத்தை அன்று பெருமையாகக் கணவன் பழனிவேலுக்கு அனுப்பினாள்.

அவன் மாட்டு மருந்துக்கடை வைத்திருந்தான்.

"மாட்டு மடியில காம்பு வெடிப்புக்கு இதத் தடவலாமாம். எனக்கும் கத்துக்குடேன்."

"மேலுக்குத் தடவ மட்டுந்தாங்க. யாரும் குடிச்சிடக் கூடாது."

"அது கூடவா தெரியாது எனக்கு?"

கற்றுக்கொடுத்தாள்.

ஒரு நாள் மாலை பள்ளி வாசலில் வாலிகண்டபுரத்துத் தனம் என்றொருத்தி காத்து நின்றாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. நகங்களும் ஈறுகளும் நீலம்.

"டீச்சர், சக்கரைக்கு நல்லதுன்னு உங்க வூட்டுக்காரரு குடுத்தாரு. மாத்திரைய நிறுத்திட்டுப் பல மாசமா இதத்தான் குடிக்கிறேன். மூஞ்சி ஏன் இப்படி ஆவுது?"

அவள் நீட்டிய பாட்டிலில் முத்தமிழின் படம். லேசரோடு சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே தண்ணீர் பால்போலக் கலங்கியிருந்தது.

வீட்டில் அந்தப் பாட்டிலைக் கணவன் முன் வைத்தாள்.

"உப்புப் போட்டீங்களா?"

"ஒரு சிட்டிகை. சீக்கிரம் ஆவுதுல்ல?"

"உப்புப் பட்டா வெள்ளி குளோரைடாயிடும்னு சொன்னேனே. அத வுடுங்க, குடிக்கவா குடுத்தீங்க? அதுவும் எம் படத்த ஒட்டி?"

"டீச்சர் செஞ்சதுன்னாத்தான் நம்புறாங்க. யாரும் சாவலியே?"

பதினோரு வருடம் கூட வாழ்ந்தவன். அந்த முகத்தில் வெட்கம் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

மறுநாள் தனத்தை அரியலூருக்கு அழைத்துப் போனாள். தோல் மருத்துவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெள்ளி தோலுல படிஞ்சிருக்கு. இனிமே கூடாம பாத்துக்கலாம். வந்த நிறம் போறது கஷ்டம். சக்கரை மாத்திரைய இன்னைக்கே ஆரம்பிங்க."

அங்கிருந்து நேரே பெரம்பலூர்க் காவல் நிலையம் போய்ப் புகார் கொடுத்தாள். போலீஸ் பழனிவேலைக் கூப்பிட்டு விசாரித்திருக்க வேண்டும்; வெளியே வந்ததும் அவனிடமிருந்து போன்.

"கட்டுன புருசன் மேலயே புகாரா? கொஞ்சமாவது நெனச்சுப் பாத்தியா?"

"எம் மூஞ்சிய ஊருக்கே வித்தப்ப நீங்க நெனச்சீங்களா?"

போனை அணைத்துவிட்டாள். தனம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க டீச்சர். எங்க தெருவுல இன்னும் நாலு வூட்டுல குடிக்கிறாங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க. நீங்க வந்து சொல்லுங்க."

இருவரும் பஸ் ஏறினார்கள்.