தனலக்ஷ்மி சொல்லாத வசனம்

ராமலிங்கத்துக்கும் தனலக்ஷ்மிக்கும் பேச்சு நின்று போயிருந்த சமயத்தில்தான் மாமரத்துக்கு அந்தக் கதி வந்தது. சண்டைக்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்ரீராம்புரத்தில் தனலக்ஷ்மியின் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ராமலிங்கம் வரவில்லை. முட்டி வலி என்றார். அதே முட்டியோடு அன்று சாயங்காலம், தங்கவயல் சுரங்கத்தில் கூட வேலை பார்த்த பழைய கூட்டாளிகளோடு கேரம் ஆடப் போனதை யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து தனலக்ஷ்மி அவர் முகம் பார்த்துப் பேசுவதில்லை. "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு" என்று சுவரிடம் சொல்வாள். சுவரும் பதில் சொல்லாது, அவரும் சொல்ல மாட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் இரண்டு பேரும்.

சுரங்கத்தை மூடிய பிறகு பொம்மனஹள்ளிக்கு வந்து வீடு கட்டிய வருடம், தனலக்ஷ்மி தன் கையால் வாசலோரம் நட்ட மரம் அது. தளதளவென்று வளர்ந்தது. தெருவுக்கே நிழல் கொடுத்தது. காய் மட்டும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தையிலும் கொஞ்சம் பூக்கும், அத்தனையும் உதிரும். அதில் ஒரு பழம் பழுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு எத்தனையோ வருட ஆசை. அந்த ஆசை ராமலிங்கத்துக்கும் தெரியும்.

காய்க்காத மரத்தை மிரட்டுவது அவர்கள் குடும்பத்து வழக்கம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கோடரியோடு வந்து, "காய்க்காத மரம் எதுக்கு, வெட்டிப் போடறேன்" என்று சத்தம் போட்டுப் பட்டையில் ஒரு கொத்து கொத்த வேண்டும். இன்னொருவர் ஓடி வந்து கையைப் பிடித்து, "பாவம், விட்டுடுங்க, வர்ற வருஷம் காய்க்கும்" என்று கெஞ்ச வேண்டும். "சரி, உனக்காக விடறேன்" என்று முதல் ஆள் கோடரியை இறக்கிவிட வேண்டும். மரம் அதைக் கேட்டு பயந்து காய்த்துவிடுமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ராமலிங்கம் கோடரியோடு வாசலில் நின்றார். "காய்க்காத மரம் எதுக்கு! வெட்டிப் போடறேன்!"

அரிசி களைந்துகொண்டிருந்த தனலக்ஷ்மி சமையலறை ஜன்னல் வழியே பார்த்தாள். மனுஷன் சமாதானத்துக்கு வந்திருக்கிறார் என்று உடனே புரிந்துவிட்டது. இவருக்கு மன்னிப்புக் கேட்க வாய் வராது, கோடரி தூக்கத்தான் கை வரும். அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. ஆனால் கூப்பிட்டதும் ஓடிப் போவதா என்ற வீம்பும் கூடவே வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கத்தட்டும் என்று நின்றுவிட்டாள்.

அவர் ஒரு கொத்து கொத்தினார். வாசற்படியைப் பார்த்தார். "வெட்டறேன் பாரு!" என்று இன்னொன்று. பிறகு கொஞ்சம் நகர்ந்து நின்று மறுபடியும். பட்டை துண்டு துண்டாகக் கீழே விழுந்தது. காய்த்த மரம்தான் கல்லடி படும் என்பார்கள். இது காய்க்காமலே அடிபட்டது. கடைசியில் அவர் கோடரியைக் குளியலறைக்குப் பின்னால் போட்டுவிட்டு, கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். அன்றைக்குத் தான் ஜெயித்துவிட்டதாகவே தனலக்ஷ்மி நினைத்தாள்.

தை பிறந்ததும் மரம் இலை தெரியாமல் பூத்தது. அந்த சந்தோஷத்தில் இரண்டு பேருக்கும் தன்னால் பேச்சு வந்துவிட்டது. வைகாசியில் கிளை தாங்காத காய். பக்கத்து வீட்டு லட்சுமம்மாவுக்கு ஒரு கூடை, தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு பை.

"மெரட்டுன மெரட்டுல நடுங்கிப் போச்சு" என்றார் ராமலிங்கம்.

"நான் கெஞ்சாமயே காய்ச்சிடுச்சு பாருங்க" என்று சொல்லிச் சிரித்தாள் தனலக்ஷ்மி.

மருமகள் லாவண்யா தொம்மலூரில் ஒரு பள்ளியில் சயின்ஸ் டீச்சர். லீவுக்கு வந்தவள், பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். போன இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"அத்தை, யாரு இப்படி சுத்தியும் பட்டையை எடுத்தது?"

"உங்க மாமாதான். அதுக்கு பயந்துதானே இவ்வளோ காய்."

"பயந்து இல்ல அத்தை." லாவண்யா தயங்கினாள். "வேரு எடுக்கற தண்ணி உள்கட்டை வழியா மேல போகுது. அதை மாமா தொடல, அதான் இலை பச்சையா இருக்கு. ஆனா இலை சமைக்கற சாப்பாடு கீழ வேருக்கு இறங்கறது பட்டை வழியாத்தான். அந்த வழியே இப்ப இல்ல. இறங்க வேண்டிய சாப்பாடெல்லாம் மேலயே தங்கிப் பழமாயிடுச்சு."

"அப்ப வேருக்கு?"

"சேத்து வெச்சிருந்ததைத்தான் தின்னுட்டிருக்கும். அது தீர்ற வரைக்கும்."

தனலக்ஷ்மி மரத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெட்டுக்கு மேலே புடைத்திருந்தது. மரம் சதை போடுகிறது என்று அவள் பூரித்துப் போன இடம். வெட்டுக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தது. மேலே கல்யாணப் பந்தி, கீழே பட்டினி.

"ஒரு பக்கம் மட்டும் கொத்தியிருந்தா?"

"ஒண்ணும் ஆயிருக்காது அத்தை. மிச்சப் பட்டை வழியா இறங்கியிருக்கும்."

லாவண்யாவின் பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ராமலிங்கம் பட்டைக் காயத்தைக் காட்டிச் சொன்னார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "ஒவ்வொரு கொத்துக்கும் வாசலைப் பார்த்தேன் தனம். இப்ப வருவே, இப்ப வருவேன்னு. சுத்தி வந்துட்டதே தெரியல."

சாணியும் செம்மண்ணும் குழைத்துக் காயத்தில் அப்பினார்கள். நர்சரிக்காரர் வந்து பார்த்து, சேதி முன்னாலேயே தெரிந்திருந்தால் வெட்டுக்கு மேலும் கீழும் சேர்கிற மாதிரி பட்டை ஒட்டிப் பார்த்திருக்கலாம், இனி வேர் தாங்காது என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஆனாலும் தனலக்ஷ்மி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். சாப்பிட வழியில்லாத வேர் தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்யும் என்று அவளுக்கும் தெரியும். அடுத்த தையில் ஒரு பூ இல்லை. சித்திரைக்குள் இலையெல்லாம் காய்ந்து கிளையிலேயே தொங்கியது. மரம் தன் ஷீட் கூரைமேல் விழுந்துவிடுமோ என்று லட்சுமம்மா பயந்தாள்.

மரத்தை எடுக்க மாநகராட்சி அனுமதி வந்ததும், வேறு ஆள் வேண்டாம் என்று ராமலிங்கமே கோடரியை எடுத்தார். கிளைகளை முதலிலேயே கழித்தாயிற்று. இந்தத் தடவை அவர் சத்தம் போடவில்லை. கோடரியை ஓங்கியபோது தனலக்ஷ்மி ஈரக் கையோடு ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாவங்க, விட்டுடுங்க. வர்ற வருஷம் காய்க்கும்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. ராமலிங்கம் கோடரியை இறக்கினார். மொட்டையாக நின்ற மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"சரி, உனக்காக விடறேன்" என்றார்.

பிறகு அவர் தன் துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, "தள்ளி நில்லு தனம், சிராய் தெறிக்கும்" என்றார்.