மறுகரைப் பெட்டி

காங்கேசன்துறையில் பூரணம் தன் வீட்டு மரப்பட்டைப் பெட்டிக்குள் வைத்த, பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்த ஒடியல் காலையில் இல்லை. அந்த இடத்தில் கறுத்த, நீளமான அரிசி கிடந்தது. அது ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துநாலாம் ஆண்டு மாரி தொடங்கிய கிழமை. அவளுடைய புருசன் கதிரவேலு வருசக்கணக்காய்க் கப்பலில் உழைத்துவிட்டு, அந்தப் பெட்டியோடு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தான். கனடாவின் பெரிய ஏரிக்கரையில் அனிசினாபே என்ற ஆதிக்குடிச் சனம் வெள்ளை மரப்பட்டையை மடித்து, வேரால் தைத்து, பொருத்துகளுக்குப் பிசின் பூசிச் செய்வது அது. அதில் தண்ணீர் அள்ளுவார்கள், பழம் பறிப்பார்கள், அரிசியும் சீனியும் கெடாமல் வைப்பார்கள் என்று அவன் சொன்னான். பூரணத்தின் கண்ணில் பட்டது தையல்தான். இத்தனை நெருக்கமாய் எந்த ஆம்பிளை தைப்பான்?

“உதை ஆர் தச்சது?”

“ஒரு மனிசி. சோடியாய்ச் செய்தவ. ஒண்டை எனக்கு வித்தவ.”

“மற்றது?”

“அவவிட்டைத்தான்.”

அன்றிலிருந்து பூரணம் சோறு போடும்போது அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கடற்கரைக்குப் போனால் அவனுடைய தகர றங்குப் பெட்டியைக் கிளறினாள். வந்த அரிசியைக் கோழிகளுக்குப் போட்டாள், கோழிகள் சாகவில்லை. மோர்மிளகாய் வைத்தாள், புகையூட்டிய மீன் வந்தது. கருவாடு வைத்தாள், காய்ந்த பழங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தாள். கடைசியில் கதிரவேலுவின் பழைய சட்டையை வைத்தாள். ஆளைத் தெரிந்தவள் என்றால் சட்டையைத் திருப்பித் தரமாட்டாள் என்பது அவள் நினைப்பு.

சட்டை மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. அதன் மேல், குதி தேய்ந்த மான்தோல் சப்பாத்து ஒன்று இருந்தது. பூரணம் அதை மடியில் வைத்துக்கொண்டு வெயில் ஏறும்வரை இருந்தாள். பிறகு புருசனைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். அவனுடைய பாதத்தில் பாதிதான் உள்ளே போனது.

“ஆற்றை சப்பாத்து உது?” என்று கதிரவேலு கேட்டான்.

“அவவின்ரை மனிசன்ரை,” என்றாள். “அவவும் என்னை மாதிரித்தான், தன்ரை மனிசனை வச்சு என்னிலை ஐமிச்சப்பட்டிருக்கிறா.”

சப்பாத்துக்கு நல்லெண்ணெய் பூசி, பனங்கட்டியும் சேர்த்துத் திருப்பி வைத்தாள்.

யுத்தம் வந்து சீனி கூப்பனுக்குப் போனபோது, மரச்சாறு காய்ச்சிய பழுப்புச் சீனி அந்தப் பெட்டியில் தவறாமல் வந்தது. முன்வீட்டு மகாதேவி சீனி கேட்டுப் பேணியோடு வந்து, ஆர் அனுப்புவது என்று கேட்டாள்.

“அங்காலை ஒரு மனிசி.”

மகாதேவி சீனியை வாங்கிக்கொண்டு போனாள். பின்னேரம் தன் மரத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இரண்டைக் கொண்டுவந்து, நல்லாய்ப் பழுத்தது அடியில் கிடந்தால் நசுங்கிவிடும் என்று சொல்லி, தானே பெட்டிக்குள் அடுக்கினாள்.