மூன்றாம் ஓலை

எழுபத்து நாலில் தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில், கல்வியைப் பற்றி மாணவர்கள் எடுத்த ஆவணப் படங்களுக்குப் போட்டி வைத்தார்கள். பிளாரன்ஸ் டீச்சர் மூன்று நடுவர்களில் ஒருவர். இன்னொருவர் துறைமுக அதிகாரி. முதல் படத்திலேயே கண்ணயர்ந்துவிட்டார். மூன்றாமவர் பேராசிரியர் நயினார். சன்னல்களில் போர்வை கட்டிய வகுப்பறையில், புரொஜெக்டர் சூட்டில், படத்துக்குப் படம் பிள்ளைகள் வரிசையாகப் பள்ளிக்கூடம் போனார்கள், கொடி ஏறியது. நாட்டில் எல்லோரும் படித்து முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

கடைசிப் படம் அருணாசலவடிவு என்ற மாணவி எடுத்தது. சத்தமில்லாத படம். புன்னைக்காயலில் ஒரு வீட்டின் பின்புறம், காயும் கருவாடு, ஒரு தகரப் பெட்டி. பெட்டியைத் திறந்த பெண்ணைக் கண்டதும் டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிளாடிஸ். அவர் வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவள், பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்டவள். பெட்டிக்குள் கல்யாணப் புடவை இருந்தது. அதன்மேல் தன் கணக்குப் புத்தகத்தை வைத்தாள். பிறகு காமிராவை நேராகப் பார்த்துக் கைகூப்பினாள். படம் முடிந்தது.

என்னை வெளியே காட்டிவிடாதீர்கள் என்று கும்பிடுகிறாள். டீச்சருக்கு அப்படித்தான் பட்டது.

இப்போது தூத்துக்குடியில் இருந்தாலும் டீச்சருக்கும் சொந்த ஊர் அதுதான். அங்கே மாதா கோயிலில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை உண்டா என்று சபையைக் கேட்ட பிறகே தாலி. கிளாடிஸுக்கு இரண்டு ஓலை ஆகிவிட்டது, மறுநாள் மூன்றாவது. பரிசுப் படத்தை அன்று சாயங்காலமே துறைமுகத்து ஆட்களுக்குப் போட்டுக்காட்ட ஏற்பாடு. மாப்பிள்ளைக்கும் துறைமுகத்தில்தான் வேலை. ஓலையில் பேர் வாசிக்கப்பட்ட பெண் ஊர் பார்க்கத் திரையில் வந்து நின்றால் சம்பந்தம் முறிந்துவிடும். இரண்டாம் ஓலையோடு நின்றுபோன கல்யாணம் டீச்சருடையது. ஊர் வாயில் விழுந்து எழுந்த அந்த வருஷங்கள் எதிரிக்கும் வேண்டாம் என்பார்.

"இதுக்கு மேல ஒரு படம் இங்கன இல்ல டீச்சர்" என்றார் நயினார். டீச்சர் விடவில்லை. சத்தமில்லை, காமிரா ஆடுகிறது, பள்ளிக்கூடமே இல்லாதது கல்விப் படமா என்று அடுக்கினார். விழித்துக்கொண்ட அதிகாரியும் தலையாட்டினார். கொடி ஏற்றிய படம் ஒன்றுக்குப் பரிசு போயிற்று. ஒரு பெண்ணைக் கரையேற்றிவிட்ட நிம்மதியோடு டீச்சர் வெளியே வந்தார்.

அருணாசலவடிவு படச்சுருளோடு படியில் நின்றாள். அழுதிருந்தாள்.

"அவதான் டீச்சர் எடுக்கச் சொன்னா. எங்க பிளாரன்ஸ் டீச்சர் நடுவரா இருக்காவ, கட்டாயம் பரிசு குடுப்பாவ, நாலு பேரு பாத்தா இந்தக் கல்யாணம் நின்னிரும், நான் திரும்பப் படிக்கப் போயிருவேன்னு சொன்னா. கடைசியில கும்பிட்டது உங்களத்தான்."

டீச்சருக்கு அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. தன் ஓலை நின்ற பிறகுதான், வேறு வழி தெரியாமல், அப்பா தன்னை டீச்சர் வேலைக்குப் படிக்க அனுப்பினார். இத்தனை வருஷமும் அவமானத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இதை மறந்திருந்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் புன்னைக்காயல் போனார். கோயிலில் பங்குச் சாமியார் கிளாடிஸின் மூன்றாம் ஓலையை வாசித்து, தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினார். பெண்ணுக்குச் சம்மதமில்லை என்று சொன்னால் போதும். டீச்சர் தரையில் கையூன்றி எழப்போனார். ஆண்கள் பக்கத்திலிருந்து கிளாடிஸின் அப்பா டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். மகளை வாழ்த்தத்தான் டீச்சர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். கைகூப்பினார், மகளைப் போலவே.

டீச்சரும் பதிலுக்குக் கைகூப்பி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். தடை சொல்ல யாரும் எழவில்லை என்று சாமியார் அடுத்த கல்யாணத்தின் ஓலையை எடுத்தார்.