ஒரு முழ உயரம்

ரிஷிவந்தியம் பக்கம் பெரியநாயகி நிலத்தில் களையெடுக்கிற பெண்களுக்குத் தண்ணீர் கையில்தான் விழும். சொம்பு அவர்கள் மேல் பட்டுவிடக் கூடாது. பெரியநாயகி ஒரு முழம் உயர்த்திப் பிடித்து ஊற்றுவாள். பூங்கோதை குனிந்து, இரண்டு கைகளையும் குவித்து, வாயோடு ஒட்டிக் குடிப்பாள். பதினைந்து வருடமாக இதே கதைதான்.

இந்தக் கேவலம் தன்னோடு தொலையட்டும் என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். வீட்டில் விட்டுவர ஆளில்லாத நாட்களில் மகள் தமிழ்மொழியைத் தூரத்துப் புங்கமரத்தடியில் உட்கார வைப்பாள். குடிக்கத் தண்ணீர் பாட்டில் பக்கத்திலேயே இருக்கும். "யாரு முன்னாடியும் குனிஞ்சி நிக்காதடி" என்று சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தாள்.

ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்று நல்ல வெயில். டீச்சர் பிள்ளைக்கு டம்ளரில் தண்ணீர் நீட்டினார். தமிழ்மொழி ஓரடி பின்வாங்கினாள். குனிந்தாள். உள்ளங்கைகளைக் குவித்து வாயோடு ஒட்டிக்கொண்டாள்.

"இன்னாம்மா இது, டம்ளரப் புடிச்சிக் குடி" என்று டீச்சர் சிரித்தார்.

பூங்கோதைக்கு அப்போதுதான் புரிந்தது. புங்கமரத்தடியில் பிள்ளையின் கண் சும்மா இருக்கவில்லை.

டம்ளரைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். மகளின் கையில் வைத்து அழுத்தத்தான் வாங்கினாள். பிள்ளை நிமிரவேயில்லை.

"ஊத்தும்மா."

தண்ணீர் விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் பூங்கோதை தன் கையைப் பார்த்தாள். அது டம்ளரை ஒரு முழம் உயர்த்திப் பிடித்திருந்தது, விளிம்பு பிள்ளையின் விரலில் பட்டுவிடாமல்.