ஃபுசாயே அக்காவின் இடுப்புப் பிடிப்பு

ஜூன் மழை தொடங்கிய வாரத்தில் ஃபுசாயே அக்காவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. என் கண்ணெதிரேதான். இஞ்சி போட்டு வதக்கிய பன்றியிறைச்சி, சோறு, மிசோ விழுது கரைத்த சூப், ஊறுகாய் எல்லாம் வைத்த தட்டை எனக்குக் கொண்டுவந்தவர், பாதி வழியில் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். முகம் வெளுத்திருந்தது.

எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டுக் கடை அது. சமைப்பது, பரிமாறுவது, கழுவுவது எல்லாம் அக்கா ஒருவரே. பக்கத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் நான் பத்தொன்பது வருடமாக மதியச் சாப்பாட்டுக்கு அங்கேதான் போகிறேன்.

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். அக்காவின் இடுப்பு சரியாகும்வரை அங்கே போகக்கூடாது. ஒரு தட்டு குறைந்தால் அக்காவுக்கு அத்தனை நடை குறையுமே. இதை அவரிடம் சொன்னால் சங்கடப்படுவார். சொல்லாமல் செய்வதுதான் மரியாதை. தெருமுனையில் சிவப்புக் குல்லாயோடு நிற்கும் கல் ஜிசோ சாமியிடம் மட்டும் சொல்லிவிட்டு, என் கடையின் பின்னறையில் கப் நூடுல்ஸுக்கு வெந்நீர் ஊற்றினேன். மனம் நிறைந்திருந்தது. வயிறுதான் நிறையவில்லை.

மூன்றாவது வாரம் நூடுல்ஸ் அலுத்துப்போய், ரயிலடிக்குப் பக்கத்திலிருந்த இருபத்துநாலு மணிநேரக் கடைக்குப் போனேன். சோற்றுருண்டை அடுக்கின் முன்னால் சைக்கிள் கடை ஓனுக்கி நின்றிருந்தார். அவரும் அக்கா கடையின் பழைய ஆள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த உருண்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அக்கா எப்படி இருக்காங்க?" என்றேன்.

"நல்லா இருக்காங்களே. நேத்துகூட சாப்பிட்டேன்" என்றார்.

"நான் முந்தாநாள்" என்றேன்.

அக்கா கடையில் தினமும் சாப்பிடும் மருந்துக்கடை ஷிராக்கி அம்மாவும் சாண்ட்விச்சோடு வரிசையில் நின்றிருந்தார். "இது என் வீட்டுக்காரருக்கு" என்றார், யாரும் கேட்காமலே. அவருடைய கணவர் ஏப்ரல் முதல் நகோயாவில் வேலையில் இருக்கிறார். அதை யாரும் நினைவுபடுத்தவில்லை. எங்கள் தெருவில் அப்படியெல்லாம் மனத்தைப் புண்படுத்த மாட்டோம்.

அடுத்த நாள் முடி வெட்டிக்கொள்ள ஹமானாக்கா வந்தார். ஒசாக்காக்காரர். இங்கே கட்டும் அடுக்குமாடிக்குக் கிரேன் ஓட்ட வசந்தத்தில் வந்தவர். மனதில் பட்டதை அப்படியே போட்டு உடைப்பார். அவர் அக்கா கடைக்குள் வந்தாலே நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவோம்.

"அந்தம்மா கடையை மூடுறாங்களாம், தெரியுமா அண்ணே?"

கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

"சனிக்கிழமையோட சரியாம். அறிவிப்பு எழுதி வச்சிட்டாங்க. 'என் கைப்பக்குவம் போயிடுச்சு, ஒருத்தரும் வர்றதில்ல'ன்னு அழுவுறாங்க. மூணு வாரமா அங்க சாப்பிடுறது நான் ஒருத்தன்தான். உப்பு ஜாஸ்தியாயிருச்சோன்னு மிசோவைக் குறைச்சுக் குறைச்சு, இப்ப அது வெறும் வெந்நீர். அதையும் சொல்லிட்டேன். 'நீங்க எதைத்தான் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கீங்க'ன்னு கேக்குறாங்க!"

"நாங்க... அக்காவோட இடுப்புக்காகத்தான்..."

"இடுப்பா? அது ரெண்டே நாள்ல சரியாயிருச்சே!" கண்ணாடியில் என்னை முறைத்தார். "நல்லவங்கய்யா நீங்க. ஒரு கடையையே சாகடிக்கிற அளவுக்கு நல்லவங்க."

பாதி வெட்டிய தலையோடு அவரே என்னை இழுத்துக்கொண்டு போனார். வழியில் ஓனுக்கியையும் ஷிராக்கி அம்மாவையும் கூப்பிட்டேன். மூவரும் ஒரே காரணத்துக்காகத்தான் போகாமல் இருந்தோம் என்பது நடுத்தெருவில், குடைகளுக்குக் கீழே தெரியவந்தது.

மதியம் பன்னிரண்டரை. கடை திறந்திருக்கும்போது மாட்டும் நீலத் திரைத்துணி வாசலில் தொங்கியது. உள்ளே எட்டு நாற்காலியும் காலி. அக்கா துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் குனிந்து வணங்கி எல்லாவற்றையும் சொன்னேன். மற்ற இருவரும் வணங்கினார்கள்.

அக்கா எங்களைவிட ஆழமாகக் குனிந்து வணங்கினார். "ரொம்ப நன்றி. என் மனசு நோகக்கூடாதுன்னு இவ்வளவு அழகா ஒரு காரணம் யோசிச்சிருக்கீங்க."

"காரணம் இல்லக்கா, நிஜம்!"

"நீங்க நல்லவர், தம்பி. பத்தொன்பது வருஷத்துல ஒரு நாள்கூட நல்லா இல்லன்னு சொன்னதில்ல. சோறு அடிப்பிடிச்ச அன்னைக்கும் 'வாசனையா இருக்கு'ன்னீங்க. உங்க வார்த்தையை நான் எப்படி நம்புறது?"

அக்கா நாலு கிண்ணம் சூப் கொண்டுவந்து வைத்தார். "கடைசியா ஒரு தடவை குடிச்சிட்டுப் போங்க."

குடித்தேன். டோஃபு மிதந்த வெந்நீர். ஓனுக்கி கண்களை மூடி "ஆஹா" என்றார். ஷிராக்கி அம்மா "உடம்புக்கு இதமா இருக்கு" என்றார். அக்கா புன்னகையோடு தலையசைத்தார், ஏற்கெனவே தெரிந்த செய்தியைக் கேட்பதுபோல. பிறகு என்னைப் பார்த்தார்.

என் வாய் பழக்கத்தில் "நல்லா..." என்று தொடங்கிவிட்டது. பாதித் தலையோடு ஹமானாக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தேன். காது சுட்டது.

"நல்லா இல்லக்கா. சப்புன்னு இருக்கு. வாயில வைக்க முடியல."

ஷிராக்கி அம்மா மூச்சை உள்ளே இழுத்தார். அக்காவின் கையிலிருந்த துணி நின்றது.

"போன மாசம்?"

"போன மாசம் அருமையா இருந்துச்சு. அதை நெனச்சுக்கிட்டேதான் மூணு வாரமா நூடுல்ஸ் தின்னேன்."

அக்கா என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு உதடு கோணி, அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

"அப்போ நிஜமாவே என் இடுப்புக்காகத்தானா? மடையனுங்களா!"

அந்த வார்த்தையைக் கேட்டதும் எங்களுக்கு உயிர் வந்தது. மிசோ டப்பாவைத் திறந்தபடியே அக்கா கேட்டார்: "வேற ஏதாவது குறை இருக்கா?"

எனக்கும் துணிச்சல் வந்திருந்தது. "வறுத்த மீன்ல எப்பவுமே கொஞ்சம் எண்ணெய் ஜாஸ்திக்கா."

"போதும், வாயை மூடுங்க."

மறுநாள் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கடை மூடும் அறிவிப்பை எழுதிய அதே தாள்; பின்பக்கத்தில் 'தட்டை அவரவரே எடுத்துக்கொள்ளவும்' என்று இருந்தது. நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஹமானாக்கா மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அம்மா, சோறு இன்னும் கொஞ்சம்!" என்று கத்தினார். அக்கா கொண்டுபோய் வைத்தார், எந்த வலியும் இல்லாமல்.

திரும்பும் வழியில் ஜிசோ சாமி முன்னால் நின்றேன். மூன்று வாரத்துக்கு முன் என் கருணையைப் பற்றி அவரிடம் கொஞ்சம் அதிகமாகவே சொல்லியிருந்தேன். அதை மறந்துவிடும்படி கேட்டுக்கொண்டேன்.